பத்தொன்பதாம் திகதிப் பக்கத்தில் இடமில்லை

ஆபிரகாம் லிங்கன் எந்தத் திகதியில் எங்கே நின்று பேசினார் என்று துணுக்காய்ப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவை என்ன? எனக்குத் தெரியும். சந்திரனில் இரண்டாந்தரம் ஆட்கள் இறங்கிய திகதி தெரியும். உலக முட்டை தினம், உலகக் கைகழுவும் தினம், உலகக் கழுதை தினம் எல்லாம் தெரியும். தெரியாமல் இருக்க வழியில்லை. என் கடைக் கூரைக்கு நேர் மேலே, மின்கம்பத்தில், ஒரு ஒலிபெருக்கியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். காலை ஆறரைக்கு அது தொண்டையைச் செருமும். செருமுகிறவர் சிற்றம்பலத்தார்.

"வணக்கம். இன்றைய நாள்" என்று தொடங்குவார். சந்தியில் நிற்கிற மாடுகூட ஒருதரம் தலையைத் தூக்கிப் பார்க்கும். அதற்குப் பிறகு இருபது நிமிடத்துக்கு என் கடையில் யாரும் யாரோடும் கதைக்க முடியாது. பாண் கேட்கிறவன் விரலைக் காட்டிக் கேட்பான்.

சிற்றம்பலத்தாருக்கு எழுபத்தொரு வயது. புலோலியில் பிறந்து, ஏழு வயதில் தகப்பனோடு வவுனிக்குளத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர். தகப்பன் வயலுக்குள் இறங்கினார். மகனுக்குச் சேறு ஒத்துவரவில்லை, தபால் கந்தோருக்குள் ஏறிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் உப தபாலதிபர். சம்பளம் பெரிதில்லை. ஆனால் அந்த மனுசன் கந்தோருக்குப் போகிற நடையைப் பார்த்தால் கவர்னர் போகிறார் என்று நினைப்பீர்கள்.

கந்தோரைத் திறந்ததும் அவர் செய்கிற முதல் வேலை திகதி முத்திரையைத் திருப்புவது. நாள், மாதம், வருடம் என்று சின்னச் சின்னச் சக்கரங்கள் இருக்கும். ஒரு குச்சியால் அவற்றைத் தள்ளி, வெள்ளைத் தாளில் ஒருதரம் குத்தி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்து, பக்கத்தில் கையெழுத்தும் வைப்பார். அது முடியும்வரை வாசலில் யார் வந்து நின்றாலும் நிற்க வேண்டியதுதான். ஒருமுறை பிள்ளைப்பேற்றுத் தந்தி கொடுக்க ஓடிவந்த ஒருவனைப் பார்த்து, "கொஞ்சம் பொறும், இன்னும் இண்டைக்கு விடியேல்லை" என்றாராம். தான் குத்தினால்தான் நாள் தொடங்குகிறது என்று அவருக்கு உள்ளூர ஒரு நினைப்பு.

சும்மா சொல்லக்கூடாது, அந்த நினைப்பு ஒரு காலத்தில் எங்களுக்கு உதவியது. 2008 இல் சண்டை நெருங்க எல்லோரும் வீட்டை விட்டுக் கிளம்பினோம். கட்டில், கதிரை, ஓடு, கோழி என்று ஆளுக்கொன்று ஏற்றினார்கள். சிற்றம்பலத்தார் பாதி வாடகைக்குப் பிடித்த உழவு இயந்திரப் பெட்டியில் மனைவியையும் ஆட்டையும் ஏற்றிவிட்டு, மடியில் திகதி முத்திரையை வைத்துக்கொண்டு இருந்தார். கிளிநொச்சி, தருமபுரம், உடையார்கட்டு என்று போகப்போக எங்களுக்கு நாள் கிழமை எல்லாம் போய்விட்டது. பதுங்கு குழிக்குள் திங்கள் என்ன, வெள்ளி என்ன? அவர் மட்டும் ஒவ்வொரு காலையும் சக்கரத்தைத் திருப்பினார். கடிதமும் இல்லை, ஒட்டுகிற முத்திரையும் இல்லை. வெறும் தாளில் குத்துவார். யாராவது செத்தால் சனம் அவரிடம் ஓடும். "ஐயா, இண்டைக்கு என்ன திகதி?" அவர் சொன்னதை மனதில் எழுதிக்கொண்டு வந்தவர்கள்தான் நாங்கள். இன்றைக்கு எங்கள் ஊரில் நடக்கிற திவசங்களில் பாதி அவர் வாயால் சொன்ன திகதிதான்.

இப்படிப்பட்ட மனுசன் ஓய்வு பெற்றால் என்ன செய்வார்? முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து மூன்று மாதம் சும்மா இருந்தார். பிறகு தடித்த மட்டை போட்ட ஒரு பெரிய சீஆர் கொப்பியை எடுத்தார். முந்நூற்று அறுபத்தாறு பக்கம், நாளுக்கொரு பக்கம். அந்த நாளில் உலகத்தில் என்ன நடந்தது, யார் பிறந்தார், யார் இறந்தார், ஐக்கிய நாடுகள் சபை அந்த நாளை எதற்கு ஒதுக்கியிருக்கிறது என்று நுணுக்கி நுணுக்கி எழுதினார். பெப்ரவரி இருபத்தொன்பதுக்கும் ஒரு பக்கம். நாலு வருடத்துக்கு ஒருமுறை வருகிற அந்தப் பக்கத்தை வாசிக்க, அவர் தைப்பொங்கல் முடிந்ததுமே பயிற்சி தொடங்கிவிடுவார்.

முதலில் என் கடைக்குப் பக்கத்து வாசிகசாலைக் கரும்பலகையில் எழுதினார். மழை அழித்தது. பிறகு சுவிஸில் இருக்கிற எங்கள் ஊர்ச் சஜீவன் ஒலிபெருக்கி வாங்கி அனுப்பினான். கோயில் திருவிழாவுக்கென்று வந்த சாமான். கோயில்காரர் ஏற்கெனவே இரண்டு வைத்திருந்ததால் அது வாசிகசாலைக்கு வந்தது. வாசிகசாலைக்கு வந்தது என் தலைக்கு மேலே வந்தது.

உலக உறக்க தினம் என்று ஒன்று இருக்கிறதாம். நல்ல நித்திரையின் அவசியத்தை மக்களுக்கு உணர்த்துகிற நாள். அதைக் காலை ஆறரைக்கு முழுச் சத்தத்தில் எழுப்பிச் சொன்ன மனுசன் இவர் ஒருவர்தான். ஏப்ரல் மாதக் கடைசியில் இரைச்சல் விழிப்புணர்வு நாள் என்று இன்னொன்று. அன்றைக்கு இரைச்சலால் காதுக்கு வருகிற கேடுகளை விளக்க அவருக்கு நாற்பது நிமிடம் தேவைப்பட்டது. "ஐயா, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சா என்ன?" என்று கேட்டேன். "தம்பி, தூரத்து வீட்டாக்களுக்கும் இது தெரியவேணும்" என்றார். என்னத்தைச் சொல்ல!

வாசித்து முடித்ததும் நேரே என் கடைக்கு வருவார். பிளேன்ரீ, பாலும் இல்லை, சீனியும் இல்லை. குடித்துக்கொண்டே, "இண்டைக்கு எப்படி?" என்பார். நன்றாக இருந்தது என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் திரும்ப ஒருமுறை, ஒலிபெருக்கி இல்லாமல், முழுவதையும் சொல்வார். நான் விசரனோ? "சோக்கா இருந்தது ஐயா" என்றுவிடுவேன்.

அவருக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. ஒரு செய்தியை இரண்டு இடத்தில் பார்த்தால்தான் எழுதுவார். ஆட்களைப் பற்றியது என்றால், அந்த ஆளைக் குறைந்தது இரண்டு நாட்டில் தெரிந்திருக்க வேண்டும். அப்படியான ஆள்தான் அவர் அகராதியில் பிரசித்தமான ஆள். ஊர்க்காரர் எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். என் மகளுடைய முதலாவது பிறந்தநாளுக்கு நானே கேட்டேன். "பிள்ளைக்கு ஒரு வயசுதானே தம்பி, இன்னும் ஒண்டும் சாதிக்கேல்லையே" என்றார். ஒரு வயதில் நடந்தது, நாலு பல்லு முளைத்தது எல்லாம் அவருக்குச் சாதனை இல்லை. அன்றைக்கு அவருக்குக் கொடுத்த பிளேன்ரீ கொஞ்சம் ஆறினதுதான்.

ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், "சமூகசேவையாளரும் தொழிலதிபருமான திருவாளர் சஜீவன் அவர்கள் இன்று தமது நாற்பத்தெட்டாவது அகவை காண்கிறார்" என்று மேலே கேட்டது. எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. சஜீவன் சுவிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, இப்போது அதே கடையில் பாதிப் பங்குக்காரன். நல்ல பெடியன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லிங்கனும் சஜீவனும் ஒரே கொப்பியிலா? கேட்டேன். சிற்றம்பலத்தார் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "அவரை இலங்கையிலயும் தெரியும், சுவிஸிலயும் தெரியும். ரெண்டு நாடு. சட்டத்துக்குள்ளதான் வருது" என்றார்.

இப்படித்தான் போன வருடம் நவம்பர் மாதத் தொடக்கம்வரை போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலை, அவர் பிளேன்ரீயை ஊதிக்கொண்டிருக்க, விமலேஸ்வரி அன்ரி கடைக்குள் வந்தா.

அன்ரிக்கு அறுபத்திரண்டு வயது. புருசன் செத்துப் பத்து வருடம். இரண்டு ஏக்கர் வயலைத் தனியாகச் செய்கிறா. அவவின் மகன் சிவகரன் என்னோடு ஒரே வகுப்பு. 2009 மே மாதம் சண்டை முடிகிற நேரம் நாங்கள் எல்லாம் பாலம் தாண்டி ஆமிப் பக்கம் வந்து வரிசையில் நின்றோம். பெயர் பதியவேண்டும் என்று சிவகரனைக் கூப்பிட்டார்கள். "பதிஞ்சிட்டு வாறன் அம்மா" என்று போனான். அவ்வளவுதான். பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அன்ரி ஏறாத கந்தோர் இல்லை, அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காத தெரு இல்லை. அவனுக்கு இறப்பு அத்தாட்சிப்பத்திரம் எடுக்கச்சொல்லி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். எடுத்தால் இன்னின்ன உதவி கிடைக்கும் என்றார்கள். அவர்கள் தலைகீழாய் நின்றும் அவ அசையவில்லை.

"அண்ணை, உங்களிட்ட ஒண்டு கேக்க வந்தனான்" என்றா சிற்றம்பலத்தாரிடம்.

"சொல்லு பிள்ளை."

"பத்தொன்பதாம் திகதி என்ர சிவகரன் பிறந்தநாள். நீங்கள் அண்டைக்கு அவன்ர பேரை வாசிக்கவேணும்."

சிற்றம்பலத்தார் கோப்பையை மெதுவாக வைத்தார். எனக்கு அந்த வைக்கிற விதம் தெரியும். சட்டம் வரப்போகிறது.

"பிள்ளை, குறை நினையாதை. இதிலை ஒரு ஒழுங்கு இருக்கு. பிரசித்தமான ஆக்களைத்தான் நான்..."

"அவன் பிரசித்தமானவன்தான் அண்ணை. ஜெனீவாவிலை காணாமல்போன ஆக்கள்ர பட்டியலிலயும் அவன்ர பேர் இருக்கு. நானே பதிஞ்சனான். கொழும்பிலயும் இருக்கு. ரெண்டு நாடு."

அன்ரி சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறா. சிற்றம்பலத்தார் இதை எதிர்பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து நவம்பர் பத்தொன்பதை விரித்தார்.

"இடம் இல்லைப் பிள்ளை. நீயே பார். லிங்கனுடைய பேச்சு. இந்திரா காந்தி பிறந்தது. சந்திரனிலை ரெண்டாந்தரம் இறங்கினது. சர்வதேச ஆண்கள் தினம். உலக மலசலகூட தினம். அடிவரைக்கும் வந்திட்டுது."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. "ஏன் ஐயா, கக்கூசுக்கு இடமிருக்கு, சிவகரனுக்கு இல்லையோ?" என்று கத்திவிட்டேன். பாண் வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிற்றம்பலத்தார் முகம் கறுத்தது. பேனையைத் திறந்து, பக்கத்தின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே எழுதத் தொடங்கினார்.

"சரி. பிறப்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. சிவகரன். அடைப்புக்குறிக்குள்ளை, இ..."

அங்கே பேனை நின்றது.

"என்ன இ?" என்று அன்ரி கேட்டா.

"எல்லாருக்கும் போடுறதுதான். இறந்த வருசம்." அவர் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். இந்திரா காந்திக்கும் அப்படித்தான் இருந்தது. "இருக்கிற ஆக்கள் எண்டா அடைப்புக்குறி இல்லை. இன்று இத்தனையாவது அகவை காண்கிறார் எண்டு வரும். ரெண்டிலை ஒண்டு வரவேணும். மூண்டாவது முறை இதிலை இல்லை."

அன்ரி அந்த அடைப்புக்குறியில் விரலை வைத்தா. பிறகு கேட்டா:

"அண்ணை, அங்கை பங்கருக்குள்ளை இருக்கேக்கை எல்லாருக்கும் திகதி சொன்னது நீங்கள்தானே. அவையள் எல்லாம் இப்ப அந்தந்த நாளிலை படைச்சுக் கும்பிடுகினம். எனக்கு ஒரு திகதி சொல்லுங்கோ. சொன்னா நானும் கும்பிடுறன். இல்லையெண்டா என்னட்ட இருக்கிறது அவன் பிறந்த நாள் ஒண்டுதான். அதையாவது வாசியுங்கோ."

சிற்றம்பலத்தார் கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். பிளேன்ரீ பாதி மிச்சம்.

இந்தக் கதை ஊருக்குள் பரவ ஒரு மணித்தியாலம் போதும். அடுத்த ஞாயிறு வாசிகசாலை நிர்வாக சபை அவசரக் கூட்டம் கூடியது. வீதி விளக்கு எரியாமல் எட்டு மாதம் கிடந்தபோது கூடாத சபை. பதின்மூன்று பேர், தலைவர் திலீபன் நடுவில். தேத்தண்ணியும் வடையும் என் கடையிலிருந்து போனதால் நானும் ஒரு மூலையில் நின்றேன்.

திலீபன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறவன், எல்லாவற்றையும் தீர்மானமாக நிறைவேற்றவேண்டும் அவனுக்கு. "நிகழ்ச்சி நிரலில் ஒரு விசயம்தான்" என்றான். "சிவகரன் அகவை காண்கிறாரா, நினைவுகூரப்படுகிறாரா?"

ஒருவர் எழும்பி, சட்டப்படி ஏழு வருடம் காணாவிட்டால் செத்ததாகத்தான் கணக்கு என்றார். எந்தச் சட்டம் என்று கேட்டால் தெரியாது. இன்னொருவர், அவன் வரிசையில் இருந்து போன திகதியையே இறந்த திகதியாகப் போட்டால் பிரச்சினை முடிந்தது என்றார். பின்வாங்கில் இருந்த விமலேஸ்வரி அன்ரி எழும்பினா. "அண்டைக்கு அவன் செத்தவனோ? நடந்து போனவன். செருப்பும் போட்டிருந்தவன். நான் பாத்தனான்" என்றா. அவர் இருந்துவிட்டார். மூன்றாவது ஆள், இரண்டுக்கும் நடுவில் பொதுவாக "சிவகரன் அவர்களின் தினம்" என்று வைக்கலாம் என்றார். அவருக்குக் கைதட்டக்கூட யாரும் இல்லை.

அதற்குள் சுவிஸிலிருந்து சஜீவனின் குரல்பதிவு வந்தது. திலீபன் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தான். தான் யாருக்கும் எதிரானவன் இல்லை என்றும், எல்லோர் துயரத்திலும் பங்குகொள்வதாகவும், ஆனால் தன்னுடைய ஒலிபெருக்கியில் அரசியல் வேண்டாம் என்றும், வாற மாதம் தான் ஊருக்கு வரும்போது வரவேற்பைச் சுருக்கமாக வைத்தால் போதும் என்றும் சொன்னான். இந்தக் கடைசி விசயம்தான் குரல்பதிவில் நீளமாக இருந்தது.

"சரி, வாக்கெடுப்பு" என்றான் திலீபன். "சிவகரன் உயிரோடை இருக்கிறார் எண்டு சொல்லுற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

கோதாரி! சத்தியமாகத் தூக்கினார்கள். பதினாறு வருடமாக ஒரு தாய் ஒவ்வொரு கந்தோர் வாசலிலும் நின்று கேட்ட கேள்விக்கு, வடையைக் கடித்துக்கொண்டு இவர்கள் கையைத் தூக்கினார்கள். ஐந்து. இல்லை என்பவர்கள் ஆறு. இரண்டு பேர் சுவிஸிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். திலீபன் எண்ணி எழுதிக்கொண்டு, "அப்ப தீர்மானம் என்னெண்டா..." என்று தொடங்கினான். நான் அன்ரியைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

"நிப்பாட்டு!"

சிற்றம்பலத்தார். மைக் இல்லாமலே அந்தச் சத்தம் சந்திவரை போயிருக்கும்.

"ஒரு மனுசன் இருக்கிறானோ இல்லையோ எண்டு கையைத் தூக்கி முடிவெடுக்கிறீங்களோ? வெக்கமில்லை? நான் முப்பது வருசம் கடிதம் குடுத்தனான். ஆள் இல்லாத வீட்டுக் கடிதம் எத்தினை திரும்பி வந்தது! அதிலை 'விலாசதாரர் இறந்துவிட்டார்' எண்டு எழுத எங்கட தபால்காரனுக்கு உரிமை இல்லை. அயலட்டை சொன்னாலும் எழுதக்கூடாது. ஊர் விதானையார் சொன்னாலும் நான் விடமாட்டன். வீட்டாக்கள் சொல்லவேணும். வீட்டாக்கள் சொன்னாத்தான் எழுதலாம். அதுதான் என்ர கந்தோரிலை நடந்தது."

பிறகு அவர் பின்வாங்கைப் பார்த்துத் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது.

"பிள்ளை, வீட்டுக்காரி நீ. சொல்லு. நான் என்ன எழுத?"

"அவன் இருக்கிறான் அண்ணை" என்றா அன்ரி.

"எழுதிப்போட்டன்" என்றார் சிற்றம்பலத்தார். கொப்பியைத் திறக்கவே இல்லை. அப்படியே வெளியே நடந்தார். அவர் போன பிறகு திலீபன், தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வைத்துக்கொண்டான். வடை மிச்சம் வரவில்லை.

பத்தொன்பதாம் திகதி புதன்கிழமை. விடிய முன்னமே மழை பிடித்துவிட்டது. வழக்கத்தில் மழை என்றால் சந்தியில் ஆள் இருக்காது. அன்றைக்கு என் கடைக்குள் நிற்க இடமில்லை. வாக்கெடுப்பில் இல்லை என்று கை தூக்கியவர்களில் மூன்று பேர் வந்து முன்வரிசையில் நின்றார்கள். பாண் வாங்க வந்தார்களாம். அவர்கள் பாண் வாங்கி நான் கண்டதில்லை.

ஆறரைக்கு மேலே செருமல் கேட்டது. "வணக்கம். இன்றைய நாள்." லிங்கன் வந்தார், பேசிவிட்டுப் போனார். இந்திரா காந்தி பிறந்தார், அடைப்புக்குறியும் வந்தது. சந்திரனில் இறங்கினார்கள். இந்த மனுசன் ஒன்றையும் விடவில்லை. ஒன்றையும் சுருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மழைக்குள் யாரோ குடையை மடித்தார்கள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது" என்றது ஒலிபெருக்கி. கொஞ்சம் நின்றது. தாள் புரளுகிற சத்தம். "எமது ஊரைச் சேர்ந்த விமலேஸ்வரி அவர்களின் மகன் சிவகரன் பிறந்தார். இன்று அவர் தமது முப்பத்தாறாவது அகவையைப் பூர்த்தி செய்கிறார். அவருக்கு எமது வாழ்த்துகள்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது? அடுப்புப் புகை என்று பொய் சொல்ல மாட்டேன், காஸ் அடுப்புத்தான். மேலே சிற்றம்பலத்தார் ஒரு பெருமூச்சு விட்டு, உலக மலசலகூட தினத்தின் நோக்கங்களைத் தொடங்கினார். அன்றைக்கு அதை ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஏழு மணிக்கு அவர் கடைக்கு வந்தார். சனம் கலைந்திருந்தது. பிளேன்ரீயைச் சூடாக வைத்தேன். "இண்டைக்கு எப்படி?" என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போதுதான் விமலேஸ்வரி அன்ரி வந்தா. மழையில் பாதி நனைந்திருந்தா. கையில் மல்லாவிப் புடைவைக் கடைப் பை. முகத்தில் சந்தோசம் இருக்கும் என்று நினைத்தேன். சந்தோசம் இல்லை. வேறு எதையோ போட்டுக் குழம்பிக்கொண்டிருந்தா.

"அண்ணை, முப்பத்தாறு எண்டு சரியாத்தான் கணக்குப் பாத்தனீங்களோ?"

சிற்றம்பலத்தார் கணக்கைப் பற்றி யாராவது சந்தேகப்பட்டால் என்ன நடக்கும் என்று இந்த ஊருக்கே தெரியும். அன்றைக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் பிள்ளை. சரிதான்" என்றார்.

"முப்பத்தாறு" என்று அவ தனக்குள் சொல்லிப் பார்த்தா. "நான் இவ்வளவு நாளும் அவனைப் பத்தொன்பதிலயே வச்சிருந்திட்டன் அண்ணை. இப்ப நீங்கள் வாசிக்கேக்கைதான்... அவன்ர அப்பருக்கு முப்பத்தஞ்சிலயே காதோரம் நரைச்சது. எனக்கு ரோட்டிலை கண்டா அடையாளம் தெரியுமோ?"

பிளேன்ரீயைக் கையில் எடுத்த சிற்றம்பலத்தார் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்ரி பையிலிருந்து ஒரு புதுச் சட்டையை எடுத்தா. நீலம், கோடு போட்டது, ஊசிகள் இன்னும் கழற்றவில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்று வாங்கி அலுமாரியில் வைக்கிறவவாம். பதினாறு வருடமாக. எங்களுக்கு ஒருவருக்கும் தெரியாது. "நீயும் அவனும் ஒரே வயசுதானே மோனை. எழும்பித் திரும்பி நில்லு" என்றா என்னிடம்.

மேசைக்கு வெளியே வந்து திரும்பி நின்றேன். பள்ளிக்கூடத்தில் நானும் சிவகரனும் சட்டை மாற்றிப் போட்டவர்கள், ஒரே அளவு. அவ சட்டையை விரித்து என் முதுகில் வைத்துப் பார்த்தா. ஈரக் கை. இந்தத் தோளில் ஒருதரம் பிடித்தா, அந்தத் தோளில் ஒருதரம் பிடித்தா. இரண்டு பக்கமும் நாலு விரல் போதாமல் இருந்தது.

"கடையிலை மாத்தித் தருவாங்கள் அன்ரி" என்றேன். "பில்லைக் கொண்டு போங்கோ. கொஞ்சம் பெரிசா எடுங்கோ."

"எவ்வளவு பெரிசு மோனை?"

எனக்கென்ன தெரியும்? ஒரு மனுசன் பதினாறு வருடத்தில் எவ்வளவு பெருப்பான்? சாப்பிட்டானா, இல்லையா, யாருக்குத் தெரியும்? போட்டிருந்த சட்டையைக் கழற்றி, கழுத்துப் பட்டியைத் திருப்பி, அதிலிருந்த இலக்கத்தைப் பார்த்து ஒரு தாள் துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவ அதைப் புதுச் சட்டையின் மடிப்புக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மல்லாவி பஸ்ஸுக்கு மழைக்குள் இறங்கிப் போனா.